சொல் விளக்கம்: தொடர்வரிசை

பிபனாச்சி எண்களை (0, 1, 1, 2, 3, 5 என்று, முந்தைய இரண்டையும் கூட்டி அடுத்ததைப் பெறுபவை) கணித்துத் தரும் ஒரு சின்ன மென்பொருள் கருவி. அதைச் செயற்கை நுண்ணறிவு முகவர்கள், அதாவது நமக்காக வேலைகளைச் செய்யும் மென்பொருள்கள், தாமாகவே அழைத்துப் பயன்படுத்த வேண்டும் என்றால், கருவிக்கு இரண்டு மூன்று வரியில் விளக்கம் எழுதி வைக்க வேண்டும். ('முகவர்' என்றதும் காப்பீட்டு முகவர் நினைவுக்கு வந்தால் வரட்டும், இந்தப் பொருளிலும் அந்தச் சொல் வேரூன்றிவிட்டது.) முகவர் நம் நிரலைத் திறந்து பார்ப்பதில்லை. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீடுகளின் குறிப்பு ஆகியவற்றைப் படித்துவிட்டு அழைக்கலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கிறது. அந்த விளக்கத்தில் 'சீக்வென்ஸ்' என்பதைத் தமிழில் எப்படி எழுதுவது?

பலரும் சட்டென்று 'தொடர்' என்று எழுதிவிடுவார்கள். போட்டித் தேர்வு நூல்களே 2, 4, 8, ? என்று கொடுத்துவிட்டு 'எண் தொடர்' என்றுதான் தலைப்பிடுகின்றன. ஆனால் கணிதத்தில் 'தொடர்' என்பது 'சீரிஸ்'. டெய்லர் தொடர், ஃபூரியர் தொடர் என்கிறோமே, அந்தத் தொடர். 'சீக்வென்ஸ்' என்பதற்குத் தமிழ்நாட்டுப் பாடநூல்கள் வழங்கும் சொல் 'தொடர்வரிசை'. பத்தாம் வகுப்பில் 'எண்களும் தொடர்வரிசைகளும்' என்று ஒரு பாடமே உண்டு.

இரண்டுக்கும் இடையில் இருப்பது ஒரு கூட்டல் குறிதான். 1, 1/2, 1/4, 1/8 என்று காற்புள்ளியிட்டு எழுதினால் தொடர்வரிசை; அது 0-ஐ நெருங்குகிறது. அதே உறுப்புகளைக் கூட்டிக்கொண்டே போனால் தொடர். அது 2-ஐ நெருங்குகிறது. கருவியின் விளக்கத்தில் வெறுமனே 'தொடரைக் கணிக்கும்' என்றிருந்தால், கூட்டுத்தொகை தேடி வரும் முகவரும் அதையே அழைக்கும். வந்த எண் தவறு என்று அதற்குத் தெரியப்போவதும் இல்லை.

இந்தக் குழப்பத்துக்குத் தமிழிலேயே காரணம் இருக்கிறது. 'சீக்வென்ஸ்' வந்தது 'பின்தொடர்தல்' என்று பொருள்படும் லத்தீன் வினையிலிருந்து. 'சீரிஸ்' வந்தது 'கோத்தல், இணைத்தல்' என்று பொருள்படும் வேறொரு வினையிலிருந்து. நம் 'தொடர்' இரண்டையும் ஒரே சொல்லில் அடக்கிக்கொண்டது. வினையாக நின்றால் பின்பற்றிப் போவது. பெயராக நின்றால் சங்கிலி. புறநானூற்றின் 74ஆம் பாட்டில் சேரமான் கணைக்கால் இரும்பொறை 'தொடர்ப்படு ஞமலி' என்கிறார், சங்கிலியால் கட்டிய நாய். ஆக, 'தொடர்' என்று மட்டும் எழுதினால் எந்தப் பொருளில் எழுதினோம் என்பது சொல்லிலிருந்து தெரியாது.

'வரிசை' வந்து சேர்ந்ததும்தான் பொருள் தெளிகிறது. இன்று அதை ஒன்றன்பின் ஒன்றாக நிற்பதற்குச் சொல்கிறோம். பழைய பொருள் தகுதி, அவரவர்க்கு உரிய படி. கபிலர் 'வரிசை அறிதலோ அரிதே' என்று பாடியது அந்தப் பொருளில். தொடர்வரிசையிலும் ஒவ்வோர் உறுப்புக்கும் அதற்கென்று ஓர் இடம் உண்டு. 1, 2, 3 என்பதும் 3, 2, 1 என்பதும் கணமாக, அதாவது வரிசை பாராத தொகுப்பாகப் பார்த்தால் ஒன்று, தொடர்வரிசையாகப் பார்த்தால் வேறு வேறு. சொல்லை உருவாக்கியவர்கள் இதையெல்லாம் நினைத்தார்களோ என்னவோ, பொருத்தமாக அமைந்துவிட்டது.

சரி, கருவி விளக்கத்தில் அதிகம் சறுக்குவதும் இந்த வரிசையில்தான். பிபனாச்சியின் 10ஆம் உறுப்பு எது? 0-இல் தொடங்கி, அந்த 0-ஐ முதல் உறுப்பாக எண்ணினால் 34. அதையே சுழியாவது உறுப்பாக எண்ணினால் 55. 1, 1 என்று தொடங்கி, முதல் 1-ஐச் சுழியாவது உறுப்பாக எண்ணினால் 89. மூன்றுமே சரி. கணிதவியலாளர் நீல் ஸ்லோன் 1964-இல் திரட்டத் தொடங்கி, பின்னர் இணையக் கலைக்களஞ்சியமாக வளர்ந்த முழு எண் தொடர்வரிசைத் தொகுப்பில், எண்ணிக்கை எங்கிருந்து தொடங்குகிறது என்பதை ஒவ்வொரு பதிவிலும் தனியாகக் குறித்திருப்பார்கள். பிபனாச்சிக்கு அங்கே ஏ000045 என்று எண், தொடக்கம் 0.

உறுப்புகளைக் கொடுத்துப் பெயரைத் தேடும் கருவி என்றால் இன்னொன்றும் எழுத வேண்டும். 1, 2, 4, 8, 16 என்று கொடுத்தால் அடுத்தது 32 என்பது நம் ஊகம் மட்டுமே. வட்டத்தின் மேலுள்ள புள்ளிகளையெல்லாம் நாண்களால் இணைத்தால் உள்ளே அதிகபட்சம் எத்தனை பகுதிகள் கிடைக்கும் என்ற கணக்கும் 1, 2, 4, 8, 16 என்றே வந்து, அடுத்து 31 ஆகிவிடும். அதனால் 'பல பொருத்தங்கள் வரலாம், முதலாவதே விடை என்று கொள்ள வேண்டாம்' என்ற வரி விளக்கத்தில் இருந்தே ஆக வேண்டும்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: 'பிபனாச்சித் தொடர்வரிசையின் ஓர் உறுப்பைத் தரும். வரிசை எண் 0-இலிருந்து தொடங்கும். 0 கொடுத்தால் 0, 10 கொடுத்தால் 55. உறுப்புகளின் கூடுதலை, அதாவது தொடரை, கணிக்காது.' எதைச் செய்யாது என்ற அந்தக் கடைசி வாக்கியத்தை மனித வாசகருக்கு எழுதும்போது விட்டுவிடலாம். முகவருக்கு விடக்கூடாது.

அப்புறம், ஒரே எண்ணைக் கூட்டிக்கொண்டே போகும் வரிசையை, 'கூட்டுத் தொடர்வரிசை' என்று தமிழ்நாட்டில் படிப்பதை இலங்கைப் பாடநூல்கள் 'கூட்டல் விருத்தி' என்கின்றன. அந்த வகைக்குக் கருவி எழுதினால் விளக்கத்தில் இரண்டு பெயரையும் சேர்த்துவிடுங்கள். கேட்பவர் எந்தப் பெயரில் கேட்டாலும் முகவர் கருவியைக் கண்டுகொள்ளும்.