‘கேயாஸ்’ என்பதைத் தமிழில் எப்படிச் சொல்வது?

நரம்பு மண்டலத்தைப் பற்றி எழுதும்போது ‘கேயாஸ்’ (chaos) என்ற சொல் வந்தால் ‘குழப்பம்’ என்றோ ‘ஒழுங்கின்மை’ என்றோ எழுதிவிட்டுக் கடந்துபோகிறோம். இரண்டுமே எனக்கு உறுத்துகின்றன.

கிரேக்கத்தில் இதற்குப் பொருள் குழப்பம் அல்ல, வாய் பிளந்து கிடக்கும் பெருவெளி. கொட்டாவி விடுவதைக் குறிக்கும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. பண்டைய கிரேக்கக் கவிஞர் ஹீசியட் பாடிய உலகத் தோற்றத்தில் முதலில் உண்டானது அந்த வெளிதான். ரோமக் கவிஞர் ஓவிட் அதை உருவமில்லாமல் கலந்து கிடந்த குவியலாகப் பாடினார். இன்றைய பொருள் அந்த வழியில் வந்தது. (17ஆம் நூற்றாண்டில் வேதியியலாளர் வான் ஹெல்மான்ட் வாயுவைக் குறிக்கும் ‘கேஸ்’ (gas) என்ற சொல்லை உருவாக்கியதும் இதிலிருந்துதான்.)

கணிதத்துக்குள் வந்தபோது பொருள் தலைகீழானது. 1963இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லொரென்ஸ் மூன்றே சமன்பாடுகளை வைத்துக் காட்டினார்: விதி முழுவதும் தெரியும், தற்செயல் துளியும் இல்லை, ஆனாலும் தொடக்கத்தில் இம்மியளவு மாறினால் பிற்பாடு எல்லாமே வேறாகிவிடும். இதற்குக் ‘கேயாஸ்’ என்ற பெயர் கணிதத்தில் நிலைத்தது 1975இல் கணித அறிஞர்கள் லீ, யார்க் இருவரும் எழுதிய கட்டுரையால்.

நரம்பணுவும் (நியூரான்) இப்படி நடந்துகொள்ளக்கூடும். நரம்பணுவின் மின்துடிப்பைக் கணிதமாக எழுதிய, 1984இல் வந்த ஹிண்ட்மார்ஷ்–ரோஸ் மாதிரியிலும் சமன்பாடுகள் மூன்றுதான். உள்ளே செலுத்தும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் மாற்றினால், சீராக வெடித்துக்கொண்டிருந்த துடிப்புகள் ஒருபோதும் திரும்ப வராத வரிசைக்கு மாறிவிடுகின்றன.

சரி, சமன்பாடே தெரியாவிட்டால்? அங்கேதான் செயற்கை நரம்பணுப் பிணையம், அதாவது தரவைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் கணினி நிரல், உதவுகிறது. பதிவான மின்னழுத்தத்தின் கடைசிச் சில மதிப்புகளைக் கொடுத்து அடுத்ததைச் சொல்லவைக்கிறோம். தவறு எவ்வளவோ அதற்கேற்பப் பிணையத்துக்குள் இருக்கும் இணைப்புகளின் எடையை (ஒவ்வொன்றின் வலுவைச் சொல்லும் எண்ணை) திருத்துகிறோம். பழகியதும் அதன் விடையையே அதற்கு உள்ளீடாகக் கொடுத்து ஓடவிடுகிறோம். சிறிது நேரம் உண்மையான துடிப்போடு ஒட்டிப் போகும், அப்புறம் விலகும். அந்த விலகலை மட்டும் வைத்துப் பிணையம் தோற்றது என்று சொல்லக் கூடாது. சிறு பிழை மடங்கு மடங்காகப் பெருகுவது கேயாஸின் இயல்பு. துடிப்பு இடைவெளிகளின் பாங்கு ஒத்துவருகிறதா, பிழை பெருகும் வேகத்தைச் சொல்லும் லியாபுனோவ் எண் பொருந்துகிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

விதியே இல்லாத வெறும் இரைச்சலாக இருந்தால், பழைய மதிப்புகளிலிருந்து அடுத்ததைப் பிணையம் கற்றுக்கொள்ள வழியே இல்லை. அது கற்றுக்கொள்கிறது என்றால் உள்ளே ஒரு விதி இருக்கிறது. ‘ஒழுங்கின்மை’ அந்த விதியை மறைத்துவிடுகிறது. ‘குழப்பம்’ இன்னும் மோசம். அது பார்ப்பவரின் மனநிலையைச் சொல்கிறது, நரம்பணுவின் நடத்தையை அல்ல.

அதனால் நான் ‘விதிவழி ஒழுங்கின்மை’ என்று எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். கட்டுரையில் முதல்முறை முழுதாக எழுதிவிட்டால், பிறகு ‘ஒழுங்கின்மை’ என்று சுருக்கினாலும் பொருள் கெடாது.

‘நியூரான்’ விஷயத்தில் இந்தச் சிக்கலே இல்லை. கிரேக்கத்தில் அது தசைநாரையும் நாணையும் இசைக்கருவியின் தந்தியையும் குறித்த சொல். தமிழில் யாழின் தந்திக்கும் நரம்பு என்றே பெயர். ‘நரம்பணு’ என்று தயங்காமல் எழுதலாம்.