கழுத்து ஆபரேஷனா? ரிப்போர்ட் போதாது, படங்களைக் கேட்டு வாங்குங்கள்

கழுத்தின் உச்சியில் உள்ள முதல் இரண்டு எலும்புகளைத் திருகாணி போட்டு இணைக்க நாள் குறித்துவிட்டார்கள். ரத்தக்குழாய் வழக்கத்துக்கு மாறாக ஓடுகிறது என்று ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு வரி. இன்னொரு டாக்டரிடம் காட்டலாம் என்று ஸ்கேன் படங்களைக் கேட்டால், "ரிப்போர்ட்டே போதும்" என்கிறார்கள். போதாது. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனி இந்த எலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகிறது. சிலருக்கு அது இரண்டாவது எலும்புக்குள் உயர ஏறி, திருகாணி இறங்க வேண்டிய இடத்தையே ஒடுக்கிவிடும். எந்தப் பக்கத்துக் குழாய் பெரியது, எங்கே திருகாணி போடலாம் என்பதையெல்லாம் படத்தில்தான் பார்க்க முடியும்.

இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002 நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியோ அவர் அதிகாரம் கொடுத்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் பதிவுகளைத் தர வேண்டும். மறுப்பது டாக்டரின் தொழில் ஒழுங்குமீறல்.

ஆனால் வாயால் கேட்டால் "நாளைக்கு வாங்க" என்பார்கள். கேட்டதற்கு அத்தாட்சியும் இருக்காது. எழுதிக் கொடுங்கள். உள்நோயாளி எண், சிகிச்சை தரும் டாக்டர் பெயர், "சிடி ஆஞ்சியோகிராமின் டைகாம் படங்கள் முழுவதும், டிஸ்க்கில்" என்ற வரி, மூன்றும் இருக்கட்டும். சிடி ஆஞ்சியோகிராம் என்பது ரத்தக்குழாய்களைக் காட்டும் ஸ்கேன்; டைகாம் என்பது ஸ்கேன் படங்களின் அசல் கம்ப்யூட்டர் வடிவம். வெறுமனே "ஸ்கேன் காப்பி" என்று எழுதினால் ரிப்போர்ட்டை ஜெராக்ஸ் எடுத்து நீட்டுவார்கள். இன்னொரு பிரதியில் சீலும் தேதியும் நேரமும் வாங்குங்கள். சீல் போட மறுத்தால் அன்றே தபாலில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

"பேஷண்ட்டே நேரில் வரணும்" என்று சொல்லி, கழுத்துப் பட்டையோடு ஒருவரைக் கவுன்டர் கவுன்டராக நடக்கவிட்டதைப் பார்த்திருக்கிறேன். எலும்பு நிலையாக இல்லாதவரை அலைக்கழிப்பதே ஆபத்து. அவர் கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தோடு வீட்டிலிருந்து ஒருவர் போனால் போதும்.

பலர் ஏமாறுவது இன்னொரு இடத்தில். விதி உள்நோயாளிப் பதிவுகளைப் பற்றியது. அட்மிட் ஆவதற்கு முன் வெளியே எடுத்த ஸ்கேன் என்றால், "எங்களிடம் இல்லை" என்று ஆஸ்பத்திரி கைவிரித்துவிடும். அதனால் ஸ்கேன் எடுத்த அன்றே, அந்த சென்டரிலேயே டிஸ்க்கை வாங்கிவிடுங்கள். வீட்டுக் கம்ப்யூட்டரில் திறக்கிறதா என்றும் பாருங்கள். காலி டிஸ்க்கும் வந்துசேரும்.

72 மணி நேரம் தாண்டினால் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம். அங்கே கேள்வி கேட்பது டாக்டரைத்தான், கவுன்டர் ஊழியரை அல்ல. விண்ணப்பத்தில் டாக்டர் பெயரை எழுதச் சொன்னது அதற்காகவே. புகாருக்குப் பதில் வர நாளாகும், ஆபரேஷன் தேதி காத்திருக்காது. ஸ்கேன் முடிந்த நாளிலேயே கேட்கத் தொடங்குங்கள்.