சொல் விளக்கம்: எஃபெக்ட்ஸ் பெடல் – ஒலிமாற்று மிதி

பாதத்தைக் குறிக்கும் 'பெஸ்' என்ற லத்தீன் சொல் இத்தாலிய மொழியில் 'பெடாலே' ஆகி, பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் 'பெடல்' என்று நின்றது. முதலில் அது தேவாலய ஆர்கனில் காலால் அழுத்தும் கட்டையின் பெயர். பியானோ, தையல் இயந்திரம், சைக்கிள் என்று பிறகு பரவியது. கிட்டார்க்காரர் காலடியில் கிடக்கும் சிறு உலோகப் பெட்டிக்கு அந்தப் பெயர் வந்தது, அதன் சுவிட்சைக் காலால் மிதிப்பதால்தான்.

தமிழில் இதற்குச் சொல் தேடி அலைய வேண்டியதில்லை. மிதிவண்டியிலும் மிதியடியிலும் இருக்கும் 'மிதி' போதும். வினையாகவும் நிற்கும், பெயராகவும் நிற்கும். சிக்கல் 'எஃபெக்ட்ஸ்' என்ற பாதியில்தான். அகராதியைப் பார்த்து 'விளைவு மிதி' என்று எழுதினால், மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் செம்பனைக் குலைக்கும் உர மூட்டைக்கும்தான் நினைவு போகும். பெட்டி செய்யும் வேலை ஒலியை மாற்றுவது. ஆகவே 'ஒலிமாற்று மிதி'. பேச்சில் வெறும் 'மிதி'.

கிட்டார் ஆம்புக்குள் இருக்கும் 'வால்வு' தனிக் கதை. 1904இல் இங்கிலாந்தில் ஜான் ஆம்புரோஸ் பிளெமிங், மின்னோட்டத்தை ஒரே திசையில் மட்டும் விடும் கண்ணாடிக் குமிழைச் செய்து அதை வால்வு என்றார். மடக்குக் கதவின் பலகையைக் குறித்த 'வால்வா' அதன் லத்தீன் மூலம். அமெரிக்கர்கள் வடிவத்தைப் பார்த்து 'டியூப்' என்றார்கள். மலாயா பிரிட்டிஷ் ஆட்சியில் இருந்ததால் தோட்டத்துப் பெரியவர்கள் வாயில் 'வால்வு ரேடியோ'. யூடியூபில் கற்ற பேரப்பிள்ளைகள் வாயில் 'டியூப் ஆம்ப்'. பொருள் ஒன்றே. 'ஓரதர்', அதாவது ஒருவழிப் பாதை, என்ற சொல் பிளெமிங் நினைத்ததற்கு மிக நெருக்கம், ஆனால் மேடையில் யாருக்கும் விளங்காது. 'வெற்றிடக் குழாய்' என்றால் தண்ணீர் வரும் என்று எதிர்பார்ப்பார்கள். குழல்விளக்கு ஏற்கெனவே பழகிவிட்டதால் 'வெற்றிடக் குழல்' என்பதே எங்கள் தேர்வு.

கவனம் தேவைப்படும் சொல் 'ஆம்ப்', அதாவது கிட்டாரின் மெல்லிய சிக்னலைப் பெருக்கி ஸ்பீக்கருக்குத் தரும் ஆம்ப்ளிஃபையர். பலர் அதை 'ஒலிபெருக்கி' என்று எழுதுகிறார்கள். கோயில் திருவிழாவில் தென்னை மரத்தில் கட்டிய கூம்பும் நமக்கு ஒலிபெருக்கிதான். கிட்டார் ஆம்பின் பின்புறத்தில் இந்தக் குழப்பம் காசைத் தின்னும். ஆம்பை 'பெருக்கி' என்றும், ஸ்பீக்கரை மட்டும் 'ஒலிபெருக்கி' என்றும் பிரித்துச் சொல்வதே நல்லது. ஏனென்றால் பின்புறத் துளைகள் எல்லாம் ஒரே அளவு, கால் அங்குல ஜாக். கிட்டார் வயர் எதிலும் போய் உட்காரும்.

முன்புற 'இன்புட்' துளையில் மிதி சொருகினால் வால்வு கெட்டுவிடுமா என்று கேட்பவர்கள் நிறைய. கெடாது. தந்தியின் அதிர்வை மின்சிக்னலாக்கும் கிட்டார் பிக்கப் தருவது பொதுவாக ஒரு வோல்ட்டுக்குக் கீழே. 9 வோல்ட்டில் ஓடும் மிதி முழுவேகத்தில் தந்தாலும் பொதுவாக இருபுறமும் நாலரை வோல்ட்டைத் தாண்டாது. முதல் வால்வான 12ஏஎக்ஸ்7இன் வாசலில் பெரும்பாலும் 68 கிலோ ஓம் தடை ஒன்று காத்து நிற்கும். அதிகமாக வந்தால் ஒலி சிதையும், அவ்வளவே. அந்தச் சிதைவுக்காகத்தானே ஓவர்டிரைவ் மிதியே வாங்குகிறோம்.

ஆனால் ஒலிபெருக்கிக்கு அது பொருந்தாது. பெருக்கி முழுச் சிதைவில் ஓடும்போது அலை சதுரமாகிறது. அதே உச்சத்தில் சதுர அலையின் ஆற்றல் கணக்குப்படி இருமடங்கு. நடைமுறையில் கொஞ்சம் குறையும் என்றாலும், 50 வாட் பெருக்கிக்கு 50 வாட் தாங்கும் ஒற்றை ஒலிபெருக்கியை மாட்டி, சிக்னலை உயர்த்தும் பூஸ்டர் மிதியை மிதித்துக்கொண்டே இருந்தால் ஒலிபெருக்கியின் சுருள் கருகும். 80, 100 வாட் தாங்குவதாகப் பார்த்து மாட்டுங்கள்.

உண்மையான ஆபத்து 'ஸ்பீக்கர்' துளையில். 50 வாட் பெருக்கி 8 ஓம் ஒலிபெருக்கிக்கு ஏறக்குறைய 20 வோல்ட்டும் இரண்டரை ஆம்பியரும் தள்ளும். அங்கே மிதியைச் செருகினால் மிதி போச்சு. கூடவே, ஒலிபெருக்கி இல்லாமல் ஓடும் வால்வுப் பெருக்கியின் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரில் மின்னழுத்தம் எகிறி, உள்ளே மின்காப்பு துளைபட்டு எரியும். டிரான்சிஸ்டர் பெருக்கியை ஒலிபெருக்கி இல்லாமல் ஓடவிட்டால் பொதுவாக ஒன்றும் ஆகாது. வால்வுக்கு அதுதான் எமன். கிட்டார் வயரை அங்கே போடுவதும் கூடாது. அதன் நடுக்கம்பி மெல்லியது. சூடேறி அறுந்தால் அதே கதிதான். இரண்டு தடித்த கம்பி உள்ள ஸ்பீக்கர் வயரையே போட்டு, 8 ஓம் துளைக்கு 8 ஓம் பெட்டியை மாட்டுங்கள்.

'எஃபெக்ட்ஸ் லூப்' என்பதை 'இடைச்சுற்று' எனலாம். பெருக்கிக்குள் ஒலியின் தன்மையை அமைக்கும் முன்பெருக்கிக்கும் (பிரீஆம்ப்) ஒலிபெருக்கியை ஓட்டும் ஆற்றல்பெருக்கிக்கும் (பவர் ஆம்ப்) இடையில் ஒலியை வெளியே எடுத்துத் திரும்ப உள்ளே விடும் வழி. 'செண்ட்' போக்கு, 'ரிட்டர்ன்' வரவு. வாவா, ஒலியைச் சிதைக்கும் ஃபஸ், ஓவர்டிரைவ் எல்லாம் முன்துளைக்கு. எதிரொலி சேர்க்கும் டிலே, ரிவெர்ப் இடைச்சுற்றுக்கு. சிதைந்த ஒலிக்கு எதிரொலி சேர்க்கலாம். எதிரொலியைச் சிதைத்தால் சேறுதான். சில இடைச்சுற்றுகளில் ஒலியளவு ஒரு வோல்ட்டுக்கு மேல் வரும். சிறு மிதி அதில் கரகரக்கும், உடையாது. பின்புறம் அளவு மாற்றும் சுவிட்ச் இருந்தால் தாழ்ந்த நிலையில் வையுங்கள்.

மிதிக்கான மின்சாரம் பெரும்பாலும் 9 வோல்ட் நேர்மின்சாரம், பிளக்கின் நடுமுள் எதிர்மின்முனை. ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய ஃபஸ் வகைகள் சிலவற்றில் இது தலைகீழ். அதை மற்ற மிதிகளோடு ஒரே சங்கிலி வயரில் மாட்டினால் அடாப்டர் குறுக்குச் சுற்றாகும். டிஜிட்டல் மிதி நூற்றுக்கணக்கில் மில்லி ஆம்பியர் இழுக்கும், இரைச்சலும் சேர்க்கும். தனித்தனி வெளியீடு உள்ள பவர் சப்ளை வாங்குவதே பின்னால் தலைவலி தராது.

இனி உயிர் சம்பந்தப்பட்டது. உறுமல் சத்தம் வருகிறதென்று மூன்றுமுள் பிளக்கின் 'எர்த்' கம்பியை, நல்ல தமிழில் 'நில இணைப்பை', வெட்டிவிடும் கைவைத்தியம் பாலாய் ராயா (ஊர்ப் பொதுமண்டப) மேடைகளில் இன்னும் நடக்கிறது. கிட்டார் தந்திகள் வயரின் உறை வழியே பெருக்கியின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்திருக்கின்றன. நில இணைப்பு இல்லாத பெருக்கியில் உள்கசிவு வந்தால் தந்தியில் மின்சாரம். பாடகர் உதடு மைக்கைத் தொட்டதும் சுற்று முழுமையடையும். பெருக்கி, மிதிப்பலகை, மிக்சர் மூன்றுக்கும் ஒரே சாக்கெட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் எடுத்தாலே பாதி உறுமல் அடங்கும். மீதிக்கு, கிட்டார் சிக்னலை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றி அனுப்பும் டிஐ பெட்டியில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சைத் தட்டுங்கள். அது சிக்னல் வயரின் உறையை மட்டும் பிரிக்கும், பிளக்கைத் தொடாது. ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில், வாசிக்கும் முன் மைக்கின் வலைக்கும் கிட்டார் தந்திக்கும் இடையே மல்டிமீட்டரை ஏசி அளவில் வைத்துப் பாருங்கள். ஓரிரு வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கிட்டாரைத் தோளில் மாட்டாதீர்கள்.

வெளிநாட்டிலிருந்து வந்த பழைய பெருக்கி என்றால் பின்தகட்டைப் படியுங்கள். 120 வோல்ட் அமெரிக்கப் பெட்டியையும் 100 வோல்ட் ஜப்பான் பெட்டியையும் நம் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஃபியூஸ் போகும். ஃபியூஸ் போனால் அதே மதிப்பில், அதே வகையில் போடுங்கள். பெரியதைப் போட்டால் அடுத்து எரிவது டிரான்ஸ்ஃபார்மர். மூடியைத் திறக்கவே வேண்டாம். உள்ளே 300 முதல் 500 வோல்ட் வரை இருக்கும், சுவிட்சை அணைத்த பிறகும் கெப்பாசிட்டரில் தங்கும்.

தொடங்கும்போது ஒலிபெருக்கி வயர், மிதிகள், பெருக்கி என்ற வரிசை. 'ஸ்டாண்ட்பை' இருந்தால் வால்வு சூடேற ஒரு நிமிடம் விட்டு அதைத் திருப்புங்கள். நிறுத்தும்போது பெருக்கி முதலில். இடையில் கிட்டார் வயரையோ மிதி வயரையோ (ஒலிபெருக்கி வயரை அல்ல) மாற்ற வேண்டுமானால் வால்யூமைப் பூச்சியத்துக்கு இறக்கிவிட்டு மாற்றுங்கள். வாசித்து முடித்ததும் மிதியின் இன்புட் ஜாக்கை உருவிவிடுங்கள். பெரும்பாலான மிதிகளில் பேட்டரியின் சுவிட்சே அந்த ஜாக்தான்.