அசையெழுத்து

ஓர் அசைக்கு ஓர் எழுத்து என்ற கணக்கில் அமைந்த எழுத்துமுறைக்கு ஆங்கிலத்தில் சிலபரி என்று பெயர். மூலம் கிரேக்கத்தின் 'சில்லபே': சேர்த்துப் பிடித்தது என்று பொருள். தமிழில் அசையெழுத்து. பழந்தமிழில் அசைத்தல் என்றால் கட்டுதல். 'புலித்தோலை அரைக்கசைத்து' என்று சுந்தரர் பாடுவது இடுப்பில் கட்டியதைத்தான். ஒலிகளைச் சேர்த்துக் கட்டியது அசை. கிரேக்கச் சொல்லுக்கு இதைவிட நெருக்கமாக ஒன்று கிடைக்காது.

சரி, க, கி, கு என்று எழுதும் நம் தமிழும் அசையெழுத்துதானே? இல்லை. கி, கு இரண்டிலும் க கண்ணுக்குத் தெரிகிறது, உயிர்க்குறிதான் மாறுகிறது. ஜப்பானின் ஹிரகானாவில் அப்படி இல்லை. அங்கே கு என்பது ஒரே ஒரு மடங்கிய கோடு. கி எழுத இரண்டு குறுக்குக்கோடுகள் போட்டு ஒரு சாய்கோட்டால் வெட்டி, கீழே ஒரு வளைவும் போட வேண்டும். இரண்டுக்கும் பொதுவாக 'க்' இருப்பதை எழுத்து காட்டிக்கொடுக்காது. தமிழ், தேவநாகரி வகைக்கு அபுகிடா என்று தனிப்பெயர் உண்டு. உயிர்மெய் எழுத்துமுறை என்றாலே நமக்குப் போதும்.

அமெரிக்காவின் செரோக்கி மக்களுக்கு 1821 வாக்கில் செக்வோயா என்பவர் உருவாக்கியதும் அசையெழுத்தே. அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. அதனால் இன்று புழங்கும் 85 எழுத்துகளில் பல ரோமன் எழுத்துகளைப் போலத் தெரிந்தாலும் ஒலி வேறு: 'டபிள்யூ' வடிவம் அங்கே லா, 'ஆர்' வடிவம் எ. 1828-லேயே அந்த எழுத்தில் செய்தித்தாள் அச்சாகிவிட்டது.

'அசை' என்ற சொல்லில் ஒரு சிக்கலும் உண்டு. பலா என்பதை உச்சரித்தால் ப, லா என்று இரண்டு அசை. யாப்பிலோ அது ஒரே நிரையசை. யாப்பும் பேசவேண்டிய இடத்தில் 'ஒலியசை' என்று பிரித்துச் சொல்வது நல்லது. ஜப்பானியத்துக்கும் கணக்கு முழுதாகப் பொருந்தாது. நிப்போன் என்பதில் ஒலியசை இரண்டுதான், ஹிரகானாவிலோ நான்கு எழுத்து: நி, இரட்டிப்புக்கு ஒரு சிறிய எழுத்து, போ, ன். அப்புறம் தமிழில் எழுதி எண்ணிப் பாருங்கள்: நி-ப்-போ-ன், இங்கேயும் நான்குதான்.