ரீசெட்டில்மென்ட்: மறுகுடியமர்வா மீள்குடியேற்றமா?

ரீசெட்டில்மென்ட், அதாவது இடம்பெயர்ந்த சனங்கள ஒரு இடத்துல குடிவைக்கிறது, அதுக்கு தமிழ்ல என்ன எழுதணும்னு வந்தா மறுகுடியமர்வு, மீள்குடியேற்றம்னு ஆளுக்கொரு சொல் எழுதுறாங்க. 'ரீ' லத்தீன்லேர்ந்து வந்தது, மறுபடியும்னு அர்த்தம். 'செட்டில்' பழைய இங்கிலீஷ்ல உக்கார்ற இடத்தைக் குறிச்ச சொல்லோட வழியா வந்தது, நம்ம 'அமர்' அதுக்கு அப்படியே பொருந்தும்.

ஆனா தமிழ்ல வெறும் அமர்வு பத்தாது, முன்னாடி 'குடி' சேக்குறோம் பாருங்க, விஷயமே அங்கதான் இருக்கு. குடின்னா வீடு மட்டும் இல்ல, வீட்டு ஆளுங்க, வம்சம், ஊர் எல்லாமே குடிதான். குடித்தனம், குடிக்கூலி, குடியிருப்பு எல்லாம் அதுலேர்ந்து வந்ததுதான், திருக்குறள்ல குடிமை, குடிசெயல்வகைன்னு ரெண்டு அதிகாரமே இருக்கு.

'மீள்'னா திரும்புறது. இலங்கைல போர் முடிஞ்சு முகாம்ல இருந்த சனங்க சொந்தக் காணிக்குத் திரும்புறத மீள்குடியேற்றம்னாங்க, அங்க அது சரி. சென்னைல நடக்குறது திரும்புறது இல்லயே. 2000லேர்ந்து கண்ணகி நகர், சுனாமிக்கு அப்புறம் செம்மஞ்சேரி, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரைல இருந்தவங்கள பெரும்பாக்கம்னு ஊருக்கு வெளிய கொண்டு போனாங்க, அதனால 'மறு'தான் சரி.

எனக்குத் தெரிஞ்ச அக்கா ஒருத்தங்க கூவம் கரைல இருந்தப்போ நாலு வீட்டுல பாத்திரம் தேய்ப்பாங்க, எல்லாமே நடந்து போற தூரம், நடுவுல வந்து புள்ளைக்கு சோறு போட்டுட்டு திரும்ப ஓடுவாங்க, அவசரம்னா பக்கத்து வீட்டு ஆயா பாத்துக்கும். பெரும்பாக்கம் போனதும் வீடு ஒதுக்குற குலுக்கல்ல ஆயாவுக்கு வேற பிளாக் விழுந்துடுச்சு. விடியறதுக்குள்ள பஸ் பிடிச்சாலும் லேட்டுன்னு ரெண்டு வீட்டுல நிறுத்திட்டாங்க, மிச்ச ரெண்டு வீட்டு சம்பளத்துலதான் பஸ் சார்ஜும் கரென்ட் பில்லும், லிஃப்ட் நின்னா தண்ணிக் குடத்தோட ஆறு மாடி ஏறணும். "எங்கள இங்க கொண்டாந்து போட்டுட்டாங்க தம்பி"ன்னுதான் சொல்வாங்க. சாமானத்துக்கு சொல்ற சொல்லு அது, மனுசங்களுக்கு இல்ல.

அதனால வேலை, ஸ்கூல், அக்கம்பக்கம் எல்லாம் சேந்து போனாதான் அதுக்கு மறுகுடியமர்வுன்னு பேரு, வீட்டு சாவிய மட்டும் குடுத்தா இடமாற்றம்னே எழுதுங்க. 1970ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்ச காலத்துல பல இடத்துல குடிசை இருந்த அதே மண்ணுலயே மாடி வீடு கட்டிக் குடுத்தாங்க, அதுக்கு இந்த ரெண்டு சொல்லுமே தேவைப்படல, மறுகட்டுமானம்னா போதும்.