‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’: தமிழில் எப்படிச் சொல்வது?

1943 டிசம்பர் 7. டெக்சாஸ் மாநிலத்து வேக்கோ நகரில் ஒரு கறுப்பினத் தம்பதிக்குக் கடற்படையிலிருந்து தந்தி வந்தது. மகன் டோரிஸ் மில்லர் ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’. வயது 24. சரியாக இரண்டாண்டுக்கு முன் அதே தேதியில்தான், ஹவாயில் உள்ள பேர்ல் ஹார்பர் கடற்படைத் தளத்தில், உணவுக்கூட ஊழியராக மட்டுமே வைக்கப்பட்டிருந்த அவர், தமக்குப் பயிற்சியே தராத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்து ஜப்பானிய விமானங்களை நோக்கிச் சுட்டார். அமெரிக்கக் கடற்படையின் ‘நேவி கிராஸ்’ வீர விருது பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

அந்தத் தந்தியில் ‘இறந்தார்’ என்ற சொல் இல்லை. சொல்லின் பொருளே அதில்தான் இருக்கிறது. சடலம் கிடைக்கவில்லை, சிறைபிடிக்கப்பட்டதாகத் தகவல் இல்லை, திரும்பியும் வரவில்லை. இந்த மூன்றும் சேர்ந்தால் ‘மிஸ்ஸிங் இன் ஆக்‌ஷன்’, சுருக்கமாக எம்.ஐ.ஏ. ‘மிஸ்’ என்பது பழைய ஆங்கில வினை. குறி தவறுவதைச் சொன்னது. ‘ஆக்‌ஷன்’ லத்தீனில் ‘செயல்’. படையினர் வாயில் அது ‘சண்டை’ ஆனது.

பசிபிக் கடலின் கில்பர்ட் தீவுகளில், மக்கின் தீவில் அமெரிக்கப் படை இறங்கியது நவம்பர் 20 அன்று. அதற்குத் துணை நின்ற, மில்லர் பணியாற்றிய ‘லிஸ்கம் பே’ விமானந்தாங்கிக் கப்பலை 24ஆம் தேதி விடியலுக்கு முன் ஜப்பானிய நீர்மூழ்கியின் டார்பிடோ தாக்கியது. குண்டுக்கிடங்கு வெடித்தது. 23 நிமிடத்தில் கப்பல் மூழ்கிவிட்டது. 600க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். யார் எந்த நொடியில் போனார் என்று யாரால் சொல்ல முடியும்?

தமிழுக்கு வருவோம். நம் செய்தித்தாள்கள் ‘கடலில் மீனவர் மாயம்’ என்று தலைப்பிடுவதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு வலிக்கிறது. மாயம் வித்தைக்காரன் செய்வது. ‘காணாமற்போனவர்’ என்பதே சரி. ‘அவராகவா போனார்?’ என்று சிலர் கேட்பதுண்டு. இங்கே ‘போ’ நடந்து போவதல்ல. உடைந்துபோனது, கெட்டுப்போனது என்பதில் வரும் துணைவினை. நம் கையை மீறி நடந்துவிட்டதைக் காட்டுவது. பிறர் செய்த குற்றத்தால் என்றால் வினை மாறும். ஈழத்துத் தாய்மார் ‘காணாமல் ஆக்கப்பட்டோர்’ என்று அழுத்திச் சொல்வது அதனால்தான். இரண்டையும் குழப்பக்கூடாது.

‘ஆக்‌ஷன்’ என்பதற்குப் ‘போர்’ பெரிய சொல். அது மொத்த யுத்தத்தையும் குறிக்கும். ‘களம்’ நெல்லடிக்கும் நிலத்தை நினைவூட்டுகிறது, நடுக்கடலுக்கு ஒட்டவில்லை. ‘மோதல்’ தெருச்சண்டைக்கும் வரும். ஒரு குறிப்பிட்ட சண்டையைச் சொல்ல, வடமொழிவழி வந்ததானாலும், ‘சமர்’ பொருந்துகிறது. ‘கடற்சமர்’ ஈழத்தில் புழங்கும் சொல்தான். ஆகவே என் தேர்வு: சமரில் காணாமற்போனவர்.

இதற்கு அடுத்த கட்டத்துக்குத் தனிச்சொல் உண்டு: ‘இறந்ததாகக் கருதப்படுபவர்’. அமெரிக்காவின் 1942ஆம் ஆண்டுச் சட்டப்படி, 12 மாதம் கழிந்தபின் அப்படி அறிவிக்கலாம். இந்தியச் சட்டம் பொதுவாக 7 ஆண்டு கேட்கிறது. ஹவாயின் ஹொனலூலு நகரில் இப்படிப்பட்டவர்களின் பெயர்களைக் கல்லில் வெட்டியிருக்கிறார்கள். யாருடைய உடலாவது பின்னால் அடையாளம் காணப்பட்டால், பெயருக்குப் பக்கத்தில் ஒரு சிறு வெண்கலப் பூவைப் பதிக்கிறார்கள். மில்லரின் பெயரும் அந்தக் கல்லில் உண்டு.

அவரைப் பற்றித் தமிழில் எழுதுவோர் இரண்டு தேதிகளையும் எழுத வேண்டும்: 1943 நவம்பர் 24 அன்று சமரில் காணாமற்போனார், 1944 நவம்பர் 25 அன்று இறந்ததாகக் கருதப்பட்டார்.