இயற்கை எரு போடுகிறோம், என்ன தண்ணீர் ஊற்றுகிறோம்?

மண்ணைப் பரிசோதனைக்குக் கொண்டுவருகிறவர்கள் நிறையப் பேர். கூடவே ஒரு பாட்டில் தண்ணீரையும் கொண்டுவருகிறவர்கள் மிகக் குறைவு. காவிரி டெல்டாவின் கடலோரப் பகுதியில் வீட்டுத்தோட்டம் போடுகிறவர்களுக்கும் சிறிய அளவில் இயற்கை விவசாயம் செய்கிறவர்களுக்கும் மண், நீர் பற்றி ஆலோசனை சொல்வது என் வேலை. எரு எங்கே வாங்கினோம், பஞ்சகவ்யத்தை எத்தனை நாள் ஊறவைத்தோம், விதை நாட்டு விதைதானா என்றெல்லாம் பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள்கூட, மோட்டாரைப் போட்டதும் வருகிற தண்ணீரைப் பற்றிக் கேள்வி கேட்பதில்லை. ஆனால் செடிக்கு நாம் கொடுக்கிற பொருள்களிலேயே அளவில் அதிகமானது அந்தத் தண்ணீர்தான். அது உப்பாக இருந்தால் மழைநீரைப் பிடித்து எங்கே, எப்படிப் பயன்படுத்துவது என்பதைத்தான் இங்கே சொல்லப் போகிறேன்.

திருப்பூண்டிப் பக்கம் ஓர் அம்மா என்னிடம் கேட்டார்: "சாணி எருவும் அமிர்தக் கரைசலும் தவிர வேற எதுவும் போடறதில்ல தம்பி. முள்ளங்கி கருகுது, வெங்காயம் நுனி காயுது, மிளகாய் நாத்து எழும்பவே மாட்டேங்குது. அதே எருதான், அதே கைதான். கொத்தவரை மட்டும் எப்படி நிக்குது?" அந்தக் கடைசிக் கேள்வியிலேயே பதில் இருந்தது. கொத்தவரை உப்பைத் தாங்கும் பயிர். முள்ளங்கியும் வெங்காயமும் மிளகாயும் தாங்காதவை. தோட்டத்துக்குப் போனது ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வருகிற போர் தண்ணீர். நீரில் கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை விட்டுப் பார்த்தால் 1,300-ஐ ஒட்டிக் காட்டியது.

1,300 என்றால் ஒரு லிட்டரில் 1.3 கிராம் உப்பு. கேட்டால் பெரிதாகத் தோன்றாது. கால் சென்ட் தோட்டத்துக்குக் கோடையில் நாளைக்குச் சுமார் 50 லிட்டர் தண்ணீர் வேண்டும். 100 நாளில் 5,000 லிட்டர். அதில் கரைந்து வருகிற உப்பு 6 கிலோவுக்கு மேல். தண்ணீரைச் செடி குடிக்கும், வெயில் குடிக்கும். உப்பில் பெரும்பகுதியை இரண்டும் விட்டுவிடும். வெந்நீர்ப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே வேலைதான் வேர்ப் பகுதியிலும் நடக்கிறது. மண்புழு உரமோ ஜீவாமிர்தமோ இந்த உப்பை அழித்துவிடாது. நல்ல தண்ணீர் இறங்கி, கீழே கழுவிக்கொண்டு போனால்தான் உண்டு.

டெல்டா முழுக்க இப்படி இல்லை. பாபநாசம், கும்பகோணம், திருவையாறு பக்கம் போர் தண்ணீர் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். கிழக்கே கீழ்வேளூர், தலைஞாயிறு, வேதாரண்யம், சீர்காழியின் கடலோரம் என்று வரவர உப்பு ஏறும். மேட்டூர் அணை வழக்கப்படி ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுகிறது. ஆறும் வாய்க்காலும் ஓடுகிற மாதங்களில் பிரச்சினை அவ்வளவாகத் தெரியாது. அப்புறம் மாசியிலிருந்து ஆனி வரை போரை மட்டும் நம்பும்போதுதான் இலை ஓரம் காய்வதும், மண்ணின் மேல் வெள்ளை பூப்பதும் தெரியவரும். நீரில் மொத்தக் கரைபொருள் லிட்டருக்கு 450 மில்லிகிராமுக்குள் இருந்தால் பாசனத்துக்குத் தடை இல்லை, 2,000-ஐத் தாண்டினால் கடுமையான தடை என்பது ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பின் வழிகாட்டு அளவு. நம் கடலோரக் கிணறுகள் பல இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கின்றன. பார்த்துப் பயன்படுத்தினால் பிழைக்கலாம் என்ற நிலைமை.

மழைநீரில் கரைந்த உப்பு மிகச் சொற்பம். காற்றில் உள்ள கரியமில வாயு கரைவதால் அதன் கார அமில நிலை (pH) 5.6-ஐ ஒட்டி, லேசான புளிப்புப் பக்கம் இருக்கும். போர் தண்ணீரில் உள்ள பைகார்பனேட் உப்பு மண்ணைக் காரமாக்கி, இரும்புச் சத்தைச் செடி எடுக்கவிடாமல் செய்யும். கறிவேப்பிலையும் மல்லிகையும் எலுமிச்சையும் நரம்பு மட்டும் பச்சையாக நின்று, மற்ற இடம் வெளுப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். மழைக்கு மறுநாள் தோட்டம் தெளிச்சியாக நிற்பதைப் பார்த்து, மின்னல் தழைச்சத்தைக் கொண்டுவருகிறது என்பார்கள். கொண்டுவருவது உண்மைதான், ஆனால் கொஞ்சமே. உப்பு கழுவப்பட்டு வேர் நிம்மதியாகத் தண்ணீர் எடுப்பதுதான் பெரிய காரணம் என்பது என் கருத்து. 2004 சுனாமியில் கடல்நீர் ஏறிய நாகப்பட்டினத்து வயல்களை நினைத்துப் பாருங்கள். வரப்பை உயர்த்தி மழையைத் தேக்கி வடித்து, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். 2005-ல் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. பல வயல்கள் மறுபடி நெல்லுக்கு வந்ததில் அந்த மழைக்குப் பெரும் பங்கு உண்டு.

சரி, எவ்வளவு பிடிக்க முடியும்? ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு லிட்டர். 1,000 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் சுமார் 930 லிட்டர் விழும். சிதறியது, ஊறியது போக 750 லிட்டராவது கைக்கு வரும். 5,000 லிட்டர் தொட்டி நிரம்ப ஐப்பசி அடைமழையில் இரண்டு, மூன்று நல்ல நாள் போதும். 2003-லேயே தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயம் ஆக்கிவிட்டார்கள். குழாய் பல வீடுகளில் இருக்கிறது. அது போய் முடிவது மணல் நிரப்பிய குழியில். அதை வேண்டாம் என்று சொல்லவில்லை, நிலத்தடி நீருக்கு அது வேண்டும். குழிக்குப் போகும் வழியில் ஒரு தொட்டியை வைத்து, அது நிரம்பி வழிகிற நீரைக் குழிக்கு விடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஓட்டு வீடு என்றால் பிவிசி குழாயை நீளவாக்கில் இரண்டாக அறுத்து ஓட்டு நுனியில் கட்டினாலே போதும்.

இப்படிப் பிடித்த தண்ணீரைத் தோட்டம் முழுக்க ஊற்றித் தீர்த்துவிடாதீர்கள். தை பிறந்து மழை நின்றதும் வாய்க்கால் தண்ணீரோ ஈரமோ இருக்கும்போதே தொட்டியைக் காலி செய்துவிட்டு, பங்குனியில் வெறும் தொட்டியோடு நிற்கிறவர்களைத்தான் அதிகம் பார்க்கிறேன். மழைநீரை எங்கே செலவழித்தால் பலன் அதிகமோ அங்கே செலவழிக்க வேண்டும். முதலில் நாற்றங்கால். முளைக்கிற விதையும் இளம் நாற்றும் உப்புக்கு மிகவும் பயந்தவை. வளர்ந்த செடி தாங்குகிற தண்ணீரை நாற்று தாங்காது. தேவையும் சொற்பம், தட்டு நாற்றுக்கு நாளைக்கு ஒரு குடம்கூட ஆகாது.

அடுத்தது, தெளிப்புக் கரைசல்கள். இதை அழுத்திச் சொல்ல வேண்டும். வேப்பெண்ணெயைத் தண்ணீரில் கலக்க காதி சோப்புக் கரைசல் சேர்க்கிறோம். உப்பும் சுண்ணாம்பும் நிறைந்த போர் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, திரிதிரியாகப் பிரியும். எண்ணெய் மேலே மிதக்கும். தெளிப்பானின் மூக்கு அடைக்கும், முதல் செடிக்கு வெறும் தண்ணீரும் கடைசிச் செடிக்கு வெறும் எண்ணெயும் போகும். இலை கருகியதும் "வேப்பெண்ணெய் சரியில்லை" என்று முடிவு கட்டுவார்கள். அதே எண்ணெய், அதே சோப்பு, மழைநீரில் கலந்தால் பால்போல வெளுத்துச் சீராகக் கலந்து நிற்கும். பஞ்சகவ்யம், மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்துச் செய்யும் மீன் அமிலம் போன்றவற்றை இலைமேல் தெளிக்கும்போதும் இதே யோசனைதான். உப்புத் தண்ணீர் இலைமேல் காய்ந்தால் அதுவே இலையைச் சுடும். பத்து லிட்டர் டேங்குக்கு மழைநீர் ஒதுக்குவது யாருக்கும் கஷ்டம் இல்லை.

மீதியை உப்புத் தாங்காத பயிர்களுக்கு வையுங்கள். வெங்காயம், முள்ளங்கி, கேரட், பீன்ஸ், தொட்டியில் வைத்த கறிவேப்பிலை, மல்லிகை. தென்னைக்கும் கொத்தவரைக்கும் பீட்ரூட்டுக்கும் போர் தண்ணீரே போதும். அளவு பற்றாது என்றால் பாதிக்குப் பாதி கலக்கலாம். 1,300 காட்டுகிற தண்ணீர் 650-க்கு இறங்கிவிடும், பல காய்கறிகள் அதில் நன்றாகவே வரும்.

அடுத்து, இயற்கை விவசாயம் என்று சொல்லிக்கொள்கிறவர்கள் கவனிக்க வேண்டியது கூரை. வானத்திலிருந்து வருவது சுத்தம்தான், கூரையிலிருந்து வருவது அப்படி இல்லை. கோடை முழுக்கச் சேர்ந்த தூசி, காக்கை எச்சம், சருகு எல்லாம் முதல் மழையில் இறங்கும். வயலை ஒட்டிய வீடு என்றால் பக்கத்து வயலில் அடித்த மருந்தின் சாரலும் கூரையில் படிந்திருக்கும். இப்போது டெல்டாவில் ட்ரோன் வைத்து மருந்து அடிப்பது பெருகிவிட்டது, காற்று வாக்கில் அந்தச் சாரல் நம் மாடிவரை வரலாம். ஆகவே பருவத்தின் முதல் மழையைத் தொட்டிக்கு விடவே வேண்டாம். அதன்பின் இடைவெளி விட்டு வருகிற ஒவ்வொரு மழையிலும் 1,000 சதுர அடிக்கு முதல் 200 லிட்டரை வெளியே விட்டுவிட்டுக் குழாயைத் திருப்புங்கள். ஆஸ்பெஸ்டாஸ் கூரைத் தண்ணீரைக் கீரைக்கு ஊற்றாதீர்கள். மாடியில் புதிதாக ஒழுகல் தடுப்புப் பூச்சு அடித்திருந்தால், அதில் பூஞ்சைக்கொல்லி சேர்ந்திருக்கிறதா என்று டப்பாவைப் பாருங்கள், சில பூச்சுகளில் சேர்க்கிறார்கள். எந்தக் கூரையானாலும் பச்சையாகத் தின்னும் கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் வேரில் ஊற்றுங்கள், இலைமேல் வேண்டாம்.

பண்ணைக்குட்டை வெட்டுகிறவர்களுக்கும் இதே கவலை உண்டு, இன்னும் பெரிதாக. மேட்டு வயலிலிருந்து வழிகிற மழைநீர் குட்டையில் சேர்ந்தால், அந்த வயலின் யூரியாவும் களைக்கொல்லியும் கூடவே சேரும். இயற்கைச் சான்றிதழுக்கு ஆய்வு செய்ய வருகிறவர்கள் நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்பது இதற்காகத்தான். குட்டையின் கரையைச் சுற்றியுள்ள வயலைவிட உயர்த்தி, சொந்த நிலத்து நீர் மட்டும் நுழைய ஒரே வாய் வையுங்கள். கடலோரத்தில் ஆழமாகத் தோண்டவும் கூடாது. வேதாரண்யம் மணல் பகுதிகளில் மழைநீர் கீழே உள்ள உப்புநீரின் மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேலே நன்னீர் ஓரடி நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நன்னீர் இருக்கும் என்பது நீரியல் கணக்கு. மேலே ஓரடி குறையும்படி இறைத்தால், கீழிருந்து உப்பு அந்த விகிதத்தில் ஏறிவரும். அங்கே அகலமான, ஆழம் குறைந்த குட்டைதான் பொருத்தம்.

களிமண்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை. பல வருடம் உப்பும் சோடியமும் உள்ள தண்ணீர் பாய்ந்த களியில் திடீரென்று வெறும் மழைநீரை ஊற்றினால், மண்ணின் மேல்பரப்பு குழைந்து, காய்ந்ததும் ஓடுபோல இறுகித் தண்ணீர் இறங்காமல் நிற்கலாம். மழைநீரின் தவறு இல்லை அது, சோடியத்தின் வேலை. மக்கிய எருவும் வைக்கோல் மூடாக்கும் முதலில் போட்டுவிட்டு ஆரம்பியுங்கள். மண் பரிசோதனையில் சோடியம் அதிகம் என்று வந்தால் இயற்கையாக வெட்டியெடுத்த ஜிப்சம் போடலாம், இயற்கை விவசாயத்தில் அதற்கு அனுமதி உண்டு.

தொட்டியை வெளிச்சம் புகாமல் மூடி, வழிகிற வாயிலும் காற்று வாயிலும் கொசுவலை கட்டுங்கள். டெங்கு கொசு ஒரு வாரம், பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும்.

இதையெல்லாம் தொடங்குமுன் உங்கள் போர் தண்ணீரைப் பரிசோதித்துவிடுங்கள். வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையங்களில் பாசன நீரையும் பார்ப்பார்கள். தஞ்சாவூர் காட்டுத்தோட்டத்தில் மண், நீர் மேலாண்மை ஆராய்ச்சி நிலையமும், நாகப்பட்டினம் பக்கத்துச் சிக்கல் என்ற ஊரிலும் நீடாமங்கலத்திலும் வேளாண் அறிவியல் நிலையங்களும் இருக்கின்றன. மோட்டாரைப் பத்து, பதினைந்து நிமிடம் ஓடவிட்டு, பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, ஒரு லிட்டர் பிடித்து இறுக மூடி, ஊர், தேதி, போரின் ஆழம், என்ன பயிர் என்று எழுதி ஒட்டி, கூடிய சீக்கிரம் கொடுத்துவிடுங்கள். சித்திரையில் ஒரு முறை, கார்த்திகையில் ஒரு முறை எடுத்தால் நல்லது. ஒரே போரில் இரண்டுக்கும் கணிசமான வித்தியாசம் வரலாம், கலவை விகிதத்தை முடிவு செய்யச் சித்திரைக் கணக்கைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.